வதனிக்குப் படைத்த சோறு

செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்றால் எங்கள் முகாமில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். நாள் முழுக்க இருபத்துநாலு மணி நேரம் இருக்க, அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஹம்ஸா மேடத்துக்கு எங்கள் மனசைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. முதல் நாள் நான் குடத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். நடுவில் எழுந்து ஓட வசதியாக இருக்கட்டும் என்று வாசல் பக்கமாக இடம் பிடித்தேன்.

ஹம்ஸா ஸ்ரீரங்கத்துப் பெண். உத்தர வீதியில் வீடு, புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வேலை. முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்களோடு பாயில் சம்மணம் போட்டு உட்காருவாள். நாங்கள் வாயால் மேடம் என்றாலும் மனசுக்குள் பிள்ளை என்றுதான் நினைத்துக்கொள்வோம். முகாம் பால்வாடிக் கட்டடத்தில், சுவரில் அ - அணில் படத்துக்குக் கீழே, எட்டுப் பெண்கள் வட்டமாக உட்காருவோம். எல்லோரும் தொண்ணூறில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள். அதில் ஒருத்தி என் அம்மா தங்கரத்தினம்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. முப்பத்துநாலு வருடமாக ஒருத்தரும் விசாரிக்காத மனசு. பெயர் என்ன, கார்டு நம்பர் என்ன, எத்தனை தலை, இதுதான் எங்களிடம் கேட்கிற கேள்வி. இப்போது வட்டமாக உட்கார்ந்து அழச் சொன்னால் அழுகை வந்துவிடுமா? அப்படி வருகிற அழுகைக்கு நாங்கள் எப்போதோ குழாயடியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

"ரொம்ப ஒண்ணும் இல்லைங்க," என்றாள் ஹம்ஸா. "முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க. அப்புறம் நேத்து எப்படித் தூங்கினீங்கன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னதும் மத்தவங்க எல்லாரும் உங்க பேரைத் திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான். இங்க பேசுறது இங்கயே இருக்கும். வெளில போகாது."

பக்கத்து வீட்டு பிரான்சிதான் தொடங்கினாள். மன்னார்க்காரி, வாய் ஓயாதவள். "நான் பிரான்சி. நித்திரை நல்லாத்தான் வரும், மனுசன் குறட்டை விடாட்டில்." எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரான்சி என்று திருப்பிச் சொன்னார்கள். தன் பெயரை இத்தனை வாயில் கேட்டதும் பிரான்சிக்கு என்னவோ போலாகி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

என் முறை வந்தது. "நான் தயாளினி. நித்திரை வாறேல்லை," என்றேன்.

"தயாளினி," என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லி முடித்து ஒரு நொடி கழித்து, எனக்கு இடது பக்கமிருந்து, ஒரு சின்னப் பிள்ளையின் குரல், கூப்பிட்டதுக்குப் பதில் சொல்கிற மாதிரி, "ஓம்," என்றது.

இடது பக்கம் அம்மாதான் இருந்தாள். ஆனால் அம்மா என்னை ஒட்டி உட்காரமாட்டாள். ஒரு பிள்ளை உட்காருகிற அளவுக்கு எப்போதும் பாயில் இடம் விட்டு உட்காருவாள். அந்த இடத்தில் இருந்துதான் குரல் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். தண்ணீர் பிடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அது என் அக்காவின் குரல். ஏனென்றால் தயாளினி என் பெயர் இல்லை. என் பெயர் வதனி. தயாளினி என் அக்கா. அவள் செத்து முப்பத்துநாலு வருடம் ஆகிறது.

இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கட்டின புருசனிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பெயின்ட் வேலைக்குப் போய் வருகிறவர். நல்ல மனுசன். தயா, தயா என்று ஆசையாகக் கூப்பிடுவார். அவர் ஆசையாகக் கூப்பிடுகிறதும் என்னை இல்லை. என் மகள் நிதுஷாவின் சர்டிபிகேட் எல்லாவற்றிலும் தாயின் பெயர் தயாளினி என்றுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். தொண்ணூறாம் வருடம் ஆவணி மாதம் பேசாலையிலிருந்து படகேறினோம். அம்மா, அக்கா, நான். அப்பாவை ஒரு மாதத்துக்கு முன்னமே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், போனவர் போனவர்தான். அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஒன்பது. அக்காவுக்கு ஏறும்போதே காய்ச்சல். படகோட்டி நேவிக்குப் பயந்து எங்களை ராமேஸ்வரத்தில் விடாமல், கடலுக்கு நடுவில், எங்கள் ஆட்கள் தீடை என்கிற ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இந்தியாக்காரர் வந்து ஏற்றுவினம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மரம் கிடையாது, நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் இரண்டாம் நாள் காலையோடு முடிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா செத்துப்போனாள். அம்மா சாப்பாட்டுத் தட்டால் மணலைத் தோண்டினாள். தோண்டத் தோண்டக் கடல்தண்ணீர் ஊறியது. ஊறின குழியிலேயே வைத்து மூடினோம்.

மூன்றாம் நாள் மீன்பிடிக்கிறவர்கள் வந்து ஏற்றிப் போனார்கள். மண்டபம் முகாமில் ஒரு மரத்தடியில் மேசை போட்டுப் பெயர் பதிந்தார்கள். இரவும் பகலும் தயா, தயா என்ற ஒரே சொல்லைத் தவிர அம்மா வேறு ஒன்றும் பேசியிருக்கவில்லை. மேசையில் இருந்தவர் கேட்டார்: "பொண்ணு பேரு என்னம்மா?"

"தயாளினி."

"வயசு?"

"பதினொண்டு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வயதுக்கு மீறின வளர்த்தி. "உன் பேரு தயாளினியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிவிட்டார்.

அம்மா அறிவு மயங்கிச் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஏன் தலையாட்டினேன்? பயந்துபோய் என்று பல வருடம் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. அக்காதான் அம்மாவின் செல்லம். கெட்டிக்காரி, பாட்டுக்காரி. நான் அழுமூஞ்சி. திட்டில் இருந்த மூன்று நாளும் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையாட்டின அந்த நிமிடம்தான் அம்மா குனிந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவை மூடின மண் என் நகத்தில் இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு மாற்ற முடியவில்லை. மாற்றப் போனால், பொய்ப் பெயர் கொடுத்தீர்களா, நீங்கள் யார், ஏன் மறைத்தீர்கள் என்று வேறு பக்கம் இழுத்துப் போய்விடும் என்று பயம். திருச்சி முகாமுக்கு வந்தபோது என்னை ஆறாம் வகுப்பில் போட்டார்கள். நான் படித்திருந்தது நாலாம் வகுப்பு. அக்காவுக்குத் தெரிந்த கணக்குக்கெல்லாம் நான் அடி வாங்கினேன்.

அதுகூடப் பெரிதில்லை. அடுத்த ஆவணியில் அம்மா திவசம் வைத்தாள். குடிசையைப் பெருக்கி, விளக்கேற்றி, தலைவாழை இலை போட்டு, பூசணிக்காய்க் கறி, பயற்றங்காய்க் கறி, மோதகம் எல்லாம் வைத்தாள். மோதகம் அக்காவுக்கு ஆகாது. எனக்குத்தான் உயிர். அம்மா இலைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு, "வதனி, வா பிள்ளை, வந்து சாப்பிடு," என்றாள்.

ஒரு வருடம் கழித்து என் பெயரைக் கேட்கிறேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிப்போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மோதகத்தில் கை வைத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து விலக்கினாள். அடிக்கவில்லை. "தயா, கை வைக்காதை. அது தங்கச்சிக்கு," என்றாள். அவள் முகத்தில் ஒரு நடிப்பும் இல்லை.

அப்புறம் காகத்துக்கு வைத்தாள். காகம் எடுத்த பிறகு எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டேன். பசி யாருடைய திவசம் என்று பார்க்காது. முப்பத்துமூன்று வருடம், ஒரு வருடம் விடாமல், எனக்குப் படைத்த சோற்றை நானே சாப்பிட்டிருக்கிறேன். என் பெயர் என் அம்மாவின் வாயில் வருகிறது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதுவும் என்னைப் பார்த்து இல்லை.

என்னைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா என் பெயரைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அவள் கண்ணை மூடிவிட்டால் நான் என்ன ஆவேன்? அம்மாவுக்கு எழுபது முடிந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. எனக்கு வீடு வேண்டாம், நகை வேண்டாம், இந்த ஒன்றுதான் வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

ஹம்ஸாவின் வட்டத்துக்கு முன்பு அக்கா வந்ததே இல்லை. பெயரை எழுத்தில் போட்டுக்கொண்டு போகிறது வேறு, வாய்விட்டு நான் தயாளினி என்று சொல்வது வேறு போலிருக்கிறது. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிற மாதிரி காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது வாராவாரம் ஏழு பெண்கள் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் வரமாட்டாளா? வந்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் "ஓம்" என்றாள்.

நாலாம் வாரம் நேரிலேயே பார்த்தேன். பட்டப்பகல், குழாயடி வரிசை. பிரான்சிக்கும் எனக்கும் நடுவில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். அதே பாவாடை. தலைமயிரில் மணல். நான் நாற்பத்துமூன்று வயதுக் கிழவி, என் அக்காவுக்குப் பதினொரு வயது. என் மகளைவிடச் சின்னவள். அவள் கோபப்படவில்லை. இரவல் கொடுத்த சட்டையைக் கேட்க வந்து, கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறவள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, குடம் நிரம்பி வழியுது," என்று பிரான்சி என்னை இடித்தாள். பார்த்தால் என் காலடியெல்லாம் தண்ணீர்.

இதை ஹம்ஸாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று பயம் இல்லை. சொன்னால் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், அதுதான் பயம்.

ஐந்தாம் வாரம் ஹம்ஸா புதிதாக ஒன்று சொன்னாள். "இன்னிக்கு உங்க பேர் வேண்டாம். நீங்க இழந்தவங்க ஒருத்தரோட பேரைச் சொல்லுங்க. நாங்க திருப்பிச் சொல்றோம். சொல்ல முடியலைன்னா பரவாயில்லை."

பிரான்சி தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். வட்டம் சுற்றி வந்தது. அம்மா நாலு வாரமும் தன் பெயரைத் தவிர வேறு பேசாதவள். அன்றைக்கு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வதனி," என்றாள். "என்ர சின்னவள். ஒன்பது வயது. வரேக்கை தீடையிலை விட்டிட்டு வந்தனாங்கள்."

"வதனி," என்றார்கள் எல்லோரும். ஹம்ஸாவும் சொன்னாள்.

நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு விட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்கள் எல்லோரும் எனக்காக அழுதார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர தங்கச்சியைப் பற்றி ஒரு நாளும் சொல்லவே இல்லையே, தயா," என்றாள். அம்மாவின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்பு வந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மா, நான் ஆர்?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. கீரையில் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "தயா, உலை கொதிக்குது, பார்," என்றாள்.

நான் போய் உலையைப் பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஹம்ஸாவுக்கு அம்மா பேசினதில் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த வாரமே எங்களை ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டாள். "காவேரில ஆளுக்கு ஒரு விளக்கு விடுவோம். உங்களவங்களுக்கு நீங்க ஒழுங்கா விடைகொடுக்கவே இல்லையே. எங்க தெருவுல பிறந்ததுலேர்ந்து பார்க்கிறேன், அந்தப் படித்துறைல இறங்கிட்டு ஏறி வர்றவங்க முகமே வேறயா இருக்கும்," என்றாள். அவள் சொன்னதில் குற்றமில்லை. ஊர் உலகமெல்லாம் அங்கேதான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிறது. நான் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அம்மா காலையில் எழுந்து குளித்து, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, என்னைக் கேட்காமலேயே வாசலில் போய் நின்றுவிட்டாள். அந்த மூச்சோடு அவளைத் தனியாக அனுப்ப முடியுமா?

இரண்டு பஸ் மாறிப் போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிரான்சி எல்லோருக்கும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தாள். கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரே பேச்சும் சிரிப்புமாக வந்தார்கள். பாலத்தில் ஏறும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்கள். மேட்டூரில் திறந்துவிட்டிருந்தார்கள். கரையோடு கரை தண்ணீர் போனது. படகில் வந்தவர்களுக்கு அவ்வளவு தண்ணீரைச் சும்மா பார்க்க வராது.

படித்துறையில் கூட்டம். ஒரு பக்கம் மொட்டைத் தலையோடு யாரோ தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள். புரோகிதர் வேகவேகமாக மந்திரம் சொல்லிக்கொண்டு, நடுவில் பக்கத்துக்காரரிடம் காபிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஹம்ஸா ஒரு ஓரமாகக் கீழ்ப்படியில் எங்களை நிற்க வைத்தாள். பையிலிருந்து வாழைமட்டைத் தொன்னைகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் சின்ன அகல், நாலு பூ, ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் முந்தின வாரம் சொன்ன பெயர்களை அவளே அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருத்தரும் வாங்கி, கும்பிட்டு, தண்ணீரில் விட்டார்கள். பிரான்சி சிலுவை போட்டுக்கொண்டு விட்டாள்.

கடைசியாக எங்கள் தொன்னை. "அம்மாவும் பொண்ணும் ஒண்ணா விடுங்க," என்று ஹம்ஸா அதை என் கையில் கொடுத்தாள். "உங்க தங்கைதானே. நீங்க பிடிச்சுக்கோங்க, அம்மா கை வைக்கட்டும்."

வதனி என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் நான் கொப்பியில் எழுதின பெயர். அதற்குப் பிறகு யாரும் எங்கேயும் எழுதாத பெயர். முப்பத்துநாலு வருடம் கழித்து ஒருத்தி எழுதிக் கொடுத்து, இதை ஆற்றில் விடு என்கிறாள்.

"நான் விடமாட்டன்," என்றேன்.

"கஷ்டமா இருந்தா வேணாங்க. அம்மா மட்டும்…"

"அம்மாவும் விடப்படாது. இது செத்தவளின்ர பேர் இல்லை. என்ர பேர்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் வதனி. தீடையிலை செத்தது என்ர அக்கா. அவள்தான் தயாளினி. அவளின்ர பேரைத்தான் நான் இவ்வளவு நாளும் வைச்சிருக்கிறன்."

ஹம்ஸாவின் கை நீட்டினபடியே நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கணுக்கால் தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். புரோகிதரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேசையிலை இருந்த ஐயா பேர் கேட்டார்," என்றாள் அம்மா. திரும்பவில்லை. "இவளின்ர பேரைச் சொன்னால், மற்றப் பிள்ளை எங்கை எண்டு கேப்பினம். செத்துப்போனாள் எண்டு நான் வாயாலை சொல்லோணும். எனக்கு ஏலேல்லை."

அம்மா குனிந்து கையால் தண்ணீரை ஒரு தடவை விலக்கினாள்.

"இவள் கண்ணுக்கு முன்னாலை நிண்டாள். இவளுக்குச் சோறு போட்டன், தலைமயிர் இழுத்துப் பின்னினன், கலியாணம் செய்து வைச்சன். இவளுக்கு நான் இருந்தன். அவளுக்கு ஒண்டுமில்லை. ஒரு கல்லுக்கூட நட்டிட்டு வரேல்லை. பேராவது உயிரோடை இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

"அப்ப எனக்கேன் படைச்சனீ?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். தர்ப்பணம் செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கேனம்மா வருசா வருசம் மோதகம் படைச்சனீ?"

அம்மா அப்போதுதான் திரும்பினாள். "அழ வேணும்தானே, பிள்ளை. அவளின்ர பேரைச் சொல்லி அழ ஏலுமோ? அவள் கார்ட்டிலை இருக்கிறாள், பள்ளிக்கூடம் போறாள், அவளுக்குக் கலியாணம் நடக்குது. உன்ர பேரைச் சொல்லித்தான் அவளுக்கு அழுதன்."

ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மிச்சமிருந்ததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "நான் தலையாட்டினன், அம்மா. பயத்திலை இல்லை. அக்காவா இருந்தால் நீ என்னைப் பாப்பாய் எண்டு ஆசையிலை தலையாட்டினன்."

"தெரியும்," என்றாள் அம்மா.

முப்பத்துநாலு வருடம் நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என் கையிலிருந்து தொன்னையை வாங்கினாள். காகிதத்தை எடுத்து, நனையாமல் மடித்து, முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். ஹம்ஸா குனிந்து அகலை ஏற்றினாள். அவளுக்குக் கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. "பெருமாளே," என்று மெதுவாகச் சொன்னாள். "கேட்காம எழுதிட்டேன். என் தப்புங்க. நான் கேட்டிருக்கணும்."

அம்மா விளக்கைத் தண்ணீரில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. "தயாளினி," என்றாள். "என்ர மூத்தவள். பதினொரு வயது."

"தயாளினி," என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குரலும் வரவில்லை. என் இடது பக்கத்தைப் பார்த்தேன். படி வெறுமையாக இருந்தது. அம்மா கையை எடுத்தாள். தொன்னை கொஞ்சதூரம் கரையை ஒட்டியே போய், பிறகு இழுப்பில் சிக்கி வேகமாகப் போய்விட்டது.

அவள் போகட்டும், போகட்டும் என்றுதான் ஒரு மாதத்துக்கு மேலாக வேண்டிக்கொண்டிருந்தேன். போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று காலை பத்தரை மணிக்குத்தான் என் அக்கா செத்தாள். அதுவரை நான் அவளுக்காக ஒரு சொட்டு அழுததில்லை. அவளாக இருந்துகொண்டு அவளுக்கு எப்படி அழுவது? தயாக்கா, தயாக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிரான்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, இன்றைக்குத்தான் காரியம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

மேலே ஏறும்போது பிரான்சி எல்லோரையும் நிறுத்தி, "கார்ட்டு விசயம் இந்த ஆத்தோடை சரி. ஆராவது முகாமிலை வாய் திறந்தால் நான் மனுசியா இருக்கமாட்டன்," என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹம்ஸா தன் கையிலிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். எங்களை பஸ் ஏற்றிவிட அவளும் கூடவே நடந்து வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு தேங்காய்க் கடை நிழலில் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. அம்மா நிற்க முடியாமல் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். நான் அழுது வீங்கின முகத்தைத் தண்ணீர் போட்டுக் கழுவிக்கொண்டு பிரான்சியோடு நின்றேன். சத்திரம் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"வதனி," என்று அம்மா கூப்பிட்டாள்.

நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வதனி, வா பிள்ளை. என்னைப் பிடிச்சு எழுப்பு."

அந்தக் குரலுக்கு நான் திரும்புவதில்லை. ஒரு தடவை ஓடிப்போய் உட்கார்ந்து பட்டது போதும். அம்மா அந்தப் பெயரைச் சொன்னால் வேறொரு பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று என் காலுக்கும் கைக்கும் பழகிப்போயிருந்தது. அவள் மூன்றாம் தடவையும் கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள், அந்தப் பிள்ளை ஏன் போகாமல் நிற்கிறது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

பிரான்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன்னைத்தான் கூப்பிடுறா," என்றாள்.